எர்ணாவூர் பக்கம் கால்வாயில் விழும் வடிகால்: இரண்டு வரிசை 900 ஹியூம் பைப் போதுமா, பாக்ஸ் கல்வெர்ட்தான் வேணுமா?

எர்ணாவூர்_சைட் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வடசென்னையில் எர்ணாவூர் பக்கம் ஒரு உட்சாலையைக் கடந்து பக்கிங்ஹாம் கால்வாயில் விழும் மழைநீர் வடிகால் இது. சாலைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் கல்வெர்ட்டாக இப்போது இருப்பது ஒற்றை 600 மி.மீ. ஹியூம் பைப் (கம்பி போட்ட கான்கிரீட் குழாய்). மழை வலுத்தால் மேல்பக்க (தண்ணீர் வரும் பக்க) தெருக்களில் தண்ணீர் தேங்கி, மழை விட்ட பிறகும் வடிய மணிக்கணக்கில் ஆகிறது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட எஸ்டிமேட் தயாராகிறது.

இந்த வடிகாலுக்கு வரும் பரப்பு சுமார் 18 ஹெக்டேர். முக்கால்வாசி வீடுகள், சிமெண்ட் தரை, தார்ச் சாலை. நடுச்சாலை மட்டம் +2.30 மீ. (+ என்றால் அளவுக்குறிக்கு மேல் இத்தனை மீட்டர் உயரம்). வடிகால் தரை மேல்பக்கம் +0.45, கால்வாய்ப் பக்கம் +0.40. கல்வெர்ட் நீளம் 12 மீ., வடிகாலின் உள் அகலம் 2 மீ. மேல்பக்கத் தெருக்களிலேயே தாழ்வான கம்பி மூடி (தெருத் தண்ணீர் வடிகாலில் இறங்கும் இடம்) +1.85-ல் இருக்கிறது. கன்டெய்னர் டிரெய்லர்களும் இந்த வழியாக வரும்.

சாதாரண நாளில் அலை ஏறும்போது கால்வாய்த் தண்ணீர் +0.60 வரை வருகிறது. பாலத் தூணில் வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்ற பாசிக்கோடு +1.50. மிக்ஜாம் புயல் சமயத்தில், அதாவது 2023 டிசம்பரில், வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை ஒரு வீட்டுச் சுவரில் +2.05-ல் தெரிகிறது.

எஸ்டிமேட்டில் +0.60 வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு வரிசை 900 மி.மீ. என்.பி.4 (கனத்த பாரம் தாங்கும் தரம்) பைப் போதும் என்று வந்திருக்கிறது. இன்னொரு யோசனை 1.5 × 1.2 மீ. பாக்ஸ் (செவ்வகக் கான்கிரீட் பெட்டி). எது சரி? செலவு வித்தியாசத்தை நியாயப்படுத்த என்ன கணக்குக் காட்டலாம்?

நீர்மட்டம் பதில்:

சார், பைப் அளவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கால்வாயிலிருந்து ஆரம்பித்து மேலே வாருங்கள். உங்கள் சைட்டில் முடிவு அங்கேதான் இருக்கிறது.

முதலில் வரவேண்டிய தண்ணீர். 18 ஹெக்டேர், வழிந்தோடும் விகிதம் 0.75, மழை மணிக்கு 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். (மழை அளவை உங்கள் அலுவலகம் ஏற்கும் குறுகிய நேர மழை விவரத்திலிருந்து எடுங்கள். 24 மணி நேர மழையை 24-ஆல் வகுத்துப் போடுவது பெரிய தப்பு. இவ்வளவு சின்னப் பரப்பில் அரைமணி நேரக் கொட்டல்தான் வடிகாலைச் சோதிக்கும்.) 0.75 × 70 × 18 ஐ 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு 2.6 கனமீட்டர்.

கால்வாய் +0.60-ல் இருந்தால் இரண்டு 900 பைப் இதை விட்டுவிடும். வாயில் சுமார் 1.2 மீ. ஆழம் தேங்கி, மேல்பக்கம் +1.65-ஐ ஒட்டி நிற்கும். மூடி +1.85, ஆகவே காகிதத்தில் தேறிவிட்டது. எஸ்டிமேட்டில் நடந்தது இதுதான்.

ஆனால் 70 மி.மீ. மழை கொட்டுகிற நேரத்தில் கால்வாய் +0.60-ல் இருக்காது. கொசஸ்தலை ஆற்றில் புழல் ஏரி உபரிநீரும் சேர்ந்து, எண்ணூர் கழிமுகத்தில் அலையும் எதிர்த்து நின்றால், கால்வாய் வாங்க மாட்டேன் என்று நிற்கும். உங்கள் தூணில் இருக்கும் பாசிக்கோடுதான் அந்த நேரத்து மட்டம். டிசைனுக்கு +1.50 எடுங்கள்.

அப்போது பைப் முழுக்க மூழ்கியிருக்கும். மேல்பக்கத்துக்கும் கீழ்பக்கத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும் ஒரே சக்தி. நுழைவு இழப்பு 0.5, வெளியேற்ற இழப்பு 1.0, அதோடு உராய்வு (மேனிங் எனும் சொரசொரப்பு எண் 0.015), மூன்றையும் கூட்டி வேகத் தலைநீரால் (வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்தது) பெருக்க வேண்டும்.

இரண்டு 900 பைப்: பரப்பு 1.27 ச.மீ., வேகம் விநாடிக்கு 2.06 மீ., கூட்டு இழப்பு 1.89, மட்ட வித்தியாசம் 41 செ.மீ. மேல்பக்கம் +1.91. மூடி +1.85. அதாவது டிசைன் மழையிலேயே கம்பி மூடி வழியாகத் தண்ணீர் தெருவுக்கு வரும்.

1.5 × 1.2 பாக்ஸ்: பரப்பு 1.8, வேகம் 1.46, இழப்பு 1.73, வித்தியாசம் 19 செ.மீ. மேல்பக்கம் சுமார் +1.70. தப்பித்தது.

இப்போதிருக்கும் 600 பைப் 40 செ.மீ. வித்தியாசத்தில் விடுவது விநாடிக்கு 0.54 கனமீட்டர்தான், தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. தெருவில் மணிக்கணக்கில் தேங்குவதற்குக் காரணம் இதுவே. செலவை நியாயப்படுத்த கால்வாய் +1.50, பைப்புக்கு +1.91, பாக்ஸுக்கு +1.70 என்ற மூன்று மட்டங்களையும் ஒரே படத்தில், கம்பி மூடி மட்டத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். வேறு வாதம் வேண்டாம்.

யாராவது “மூன்று வரிசை பைப் போட்டுவிடலாமே” என்பார்கள். மூன்று 900-க்கு இழப்பு 18 செ.மீ., பாக்ஸுக்குச் சமம்தான். ஆனால் பைப்புக்கு வெளிவிட்டம் சுமார் 1.1 மீ., இரண்டு பைப்புக்கு நடுவே வெளிவிட்டத்தில் பாதி இடைவெளி (450 மி.மீ.-க்குக் குறையக்கூடாது). கூட்டினால் விளிம்புக்கு விளிம்பு 4.4 மீ. உங்கள் வடிகால் 2 மீ. அந்த 2 மீட்டரிலிருந்து 4.4 மீட்டருக்கு விரிக்கும் இடத்தில் வேகம் செத்து வண்டல் உட்காரும். ஓரத்துப் பைப் முதலில் அடைபடும், பிறகு நடுப் பைப் ஒன்றே வேலை செய்யும்.

வண்டலையும் கணக்கில் சேருங்கள். பாக்ஸில் 30 செ.மீ. மண் படிந்தால் வித்தியாசம் 19 இலிருந்து 34 செ.மீ. ஆகி, மேல்பக்கம் +1.84 ஆகிவிடும். மூடியின் விளிம்புதான். ஆகவே 30 செ.மீ. என்பது தூர்வார வேண்டிய கெடு. உள்சுவரில் தரையிலிருந்து 15, 30 செ.மீ. உயரத்தில் கோடு வெட்டி வைத்துவிட்டால் யார் வந்து பார்த்தாலும் தெரியும். இடம் இருந்தால் 2.0 × 1.2 பாக்ஸுக்குப் போங்கள். வித்தியாசம் 10 செ.மீ.-க்கு இறங்கும், வடிகாலின் அகலமும் அப்படியே தொடரும், நுழைவில் சுருக்கம் இருக்காது. என் ஓட்டு அதற்குத்தான்.

மிக்ஜாம் கறையான +2.05-க்கு டிசைன் செய்ய முடியாது. அன்று கால்வாயே உங்கள் தெருவைவிட உயரத்தில் இருந்தது, எந்தக் கல்வெர்ட்டும் அதை வடிக்காது. அந்த மட்டத்துக்கு ஒன்று மட்டும் பாருங்கள்: தண்ணீர் இறங்கும்போது சாலை ஓரமும் இறக்கைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்ணும் அரித்துப் போகாமல் இருக்க வேண்டும்.

கம்பியும்_கலவையும் பதில்:

நீர்மட்டம் சார் சொன்னது சரி. நான் குழியைப் பத்திச் சொல்றேன். அங்கேதான் பணமும் நாளும் போகும்.

பாக்ஸோட அடி ஸ்லாப் 250, அடியில பி.சி.சி. (கம்பி இல்லாத கான்கிரீட்) 150, அதுக்கும் கீழ ஜல்லி-மணல் படுகை 300 வெச்சா, நடுச்சாலையிலிருந்து 2.6 மீ. தோண்டணும். அந்தப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே இருக்கு, கடைசி ஒரு மீட்டருக்கு மேல தண்ணியிலதான் வேலை. மண்ணு மணலா இருந்தா குழிக்குள்ள மோட்டார் போட்டு நேரா இறைக்காதீங்க. அடியிலிருந்து மணல் பொங்கி வரும், பக்கத்து வீட்டு அஸ்திவாரத்து மண்ணையும் சேர்த்து இழுத்துட்டு வரும். குழிக்கு வெளியே வெல்பாயிண்ட் (தண்ணியை உறிஞ்சுற மெல்லிசு குழாய்) இறக்கி நீர்மட்டத்தைக் கீழே கொண்டுபோய்ட்டு அப்புறம் தோண்டுங்க. கருப்புக் களியா இருந்தா கதை வேற. பக்கச் சுவர் சரியும், இரும்பு ஷீட் அடிச்சுத் தாங்கணும். அடிக்களியை மிதிச்சுக் குழப்பாம கடைசி 20 செ.மீ.-ஐ கையால வெட்டி, அன்னைக்கே ஜியோடெக்ஸ்டைல் (தண்ணியை விட்டு மண்ணைத் தடுக்கிற துணி) விரிச்சு ஜல்லிப் படுகை போட்டு மூடிடணும். ராத்திரி திறந்து விட்டா காலையில சேறுதான்.

மிதக்கிற விஷயத்தை யாரும் பார்க்கிறதில்லை. 900 என்.பி.4 பைப் மீட்டருக்கு 785 கிலோ வரும். அது இடம் பிடிக்கிற தண்ணி 950 கிலோ. ரெண்டு முனையும் மணல் மூட்டையால அடைச்சு, மேல மண் போடாம விட்டு, ராத்திரி மழை பெஞ்சா பைப் எழும்பி மூட்டு விட்டுப்போகும். பாக்ஸும் அப்படித்தான். 200 சுவர், 250 ஸ்லாப்னு வெச்சா மீட்டருக்கு எடை 3.58 டன், மேல் தள்ளு 3.23 டன். எடைக்கும் தள்ளுக்கும் விகிதம் 1.1, வேண்டியது 1.2. மேல மண் ஏத்துற வரைக்கும் இறைப்பை நிறுத்தக்கூடாது. கரண்ட் போனா டீசல் மோட்டார் தயாரா நிக்கணும். அதுவும் முடியலைன்னா அடைப்பை எடுத்துட்டு உள்ளே தண்ணியை விட்டுடுங்க, பாரம் ஏறி உட்கார்ந்துக்கும்.

போக்குவரத்தை நிறுத்த முடியாதுன்னா பாதிப் பாதியா போடணும். ரெண்டு பாதியும் சேர்ற கட்டுமான மூட்டை நடுக்கோட்டுல வைங்க, டிரெய்லர் சக்கரம் ஓடுற தடத்துல வேண்டாம். அடி ஸ்லாப், சுவர், மேல் ஸ்லாப் மூணுலயும் பி.வி.சி. வாட்டர்பார் (மூட்டுல தண்ணி கசியாம தடுக்கிற பட்டை) தொடர்ச்சியா வரணும். சுவர் மூட்டை தரையிலிருந்து 15 செ.மீ. மேல வைங்க, தரையோட ஒட்டி வெச்சா அந்த மூலையில கலவை சரியா இறங்காது, தேன்கூடு மாதிரி ஓட்டை விழும்.

பின்னிரப்பல் 20 செ.மீ. அடுக்கு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி. ஒரு பக்கம் ஒரு மீட்டர் ஏத்திட்டு அடுத்த பக்கம் போகக்கூடாது. ஓரத்துல பெரிய ரோலர் ஏறாது, பிளேட் காம்பாக்டர்தான். இதைச் சரியா பண்ணாத இடத்துலதான் முதல் மழையிலேயே கல்வெர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம் விழும். அப்புறம் ஒவ்வொரு லாரியும் ஸ்லாப் விளிம்பை இடிச்சுக்கிட்டே போகும்.

இன்னொண்ணு, தோண்டுறதுக்கு முன்னாடி மெட்ரோ வாட்டர், மின்வாரியம், டெலிபோன் எல்லாரையும் கூப்பிட்டுக் குறுக்கே போறதை அடையாளம் வையுங்க. ஜே.சி.பி. இறங்குறதுக்கு முன்னாடி கையால சோதனைக் குழி. கல்வெர்ட் வாய்க்குள்ள குறுக்கே ஒரே ஒரு 150 மி.மீ. தண்ணிக் குழாய் இருந்தாலும் போதும். முதல்ல ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும், அதுல துணி மாட்டும், அதுல தேங்காய் மட்டை. ஒரு பருவத்துக்குள்ள அது தடுப்பணை ஆயிடும். குழாயை அடி ஸ்லாப்புக்குக் கீழ உறை குழாய்க்குள்ள கொண்டுபோங்க. கேபிளுக்கு மேல் ஸ்லாப்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல தனி டக்ட் போட்டுக் குடுங்க. இதுக்கு எஸ்டிமேட்லயே பணம் வையுங்க, வைக்கலைன்னா கடைசியில வாய்க்குள்ளதான் விட்டுட்டுப் போவாங்க.

உப்புக்காற்று பதில்:

மேலே சொன்ன 200 மி.மீ. சுவர் இந்த இடத்துக்கு ஆகாது. காரணம் பாரம் அல்ல, உப்பு.

அலை ஏறி இறங்கும் பகுதி என்றால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 அதை மிகக் கடுமையான கடைசி வகையில் வைக்கிறது: கான்கிரீட் பலம் குறைந்தது எம்40, ஒரு கனமீட்டருக்குச் சிமெண்ட் 360 கிலோவுக்குக் குறையாமல், நீர்-சிமெண்ட் விகிதம் 0.40-க்கு மேல் போகாமல், கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடல் 75 மி.மீ. 200 சுவரில் இரண்டு பக்கமும் 75 விட்டால் கம்பி இரண்டு வரிசையும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும், வளைவைத் தாங்க ஆழமே இருக்காது. சுவர் 250, ஸ்லாப் இரண்டும் 300, மூலைகளில் 150 × 150 சாய்வு என்று வைத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் 70ஆர் பாரத்துக்கும் (கனரக வண்டிக்கான பால விதிப் பாரம்) பக்க மண் அழுத்தத்தோடு 1.2 மீ. மண்ணுக்குச் சமமான வண்டிப் பாரத்துக்கும் கம்பிக் கணக்கு வாங்குங்கள். உங்கள் மட்டத்தில் ஸ்லாப்புக்கு மேல் 40 செ.மீ.தான் மிச்சம். பாரம் பரவ இடமில்லை, சக்கரம் கிட்டத்தட்ட நேராக ஸ்லாப்பில் இறங்கும்.

தடிப்பை இப்படிக் கூட்டினால் 1.5 மீ. பாக்ஸின் எடை மீட்டருக்கு 4.5 டன், மேல் தள்ளு 3.6 டன். விகிதம் 1.25. மிதக்கும் கவலையும் தீர்ந்தது. 2 மீ. அகலத்துக்குப் போனால் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும், அடி ஸ்லாப் 300 ஆவதால் எப்படியும் தோண்டும் ஆழத்திலும் 5 செ.மீ. கூடும்.

சிமெண்ட்: கடலோரம் என்றதும் பலர் சல்பேட் தாங்கும் சிமெண்ட் கேட்பார்கள். இங்கே கம்பியைத் தின்பது குளோரைடு. அதற்கு இரும்பு உலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்ட் மேல். அந்தச் சிமெண்ட் மெதுவாக இறுகும் என்பதால் ஈரப்பதம் காப்பது (கியூரிங்) குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். மூன்று நாளில் ஈரச் சாக்கை எடுத்துவிட்டால் எம்40 போட்டதே வீண், மேல்தோல் துளை நிறைந்து நிற்கும்.

கலவைத் தண்ணீரைச் சோதிக்காமல் தொடாதீர்கள். எண்ணூர், மீஞ்சூர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.-க்குள் இருக்க வேண்டும். ஈரப்பதம் காக்கவும் அதே தண்ணீர்தான். நல்ல தண்ணீரில் கலந்துவிட்டு கால்வாய்த் தண்ணீரைச் சாக்கில் ஊற்றுவது எந்த சைட்டிலும் எளிதாக நடந்துவிடும். அதை ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.

கம்பிக்கு மூடல் இடைவெளி விட்டு நிறுத்தும் கவர் பிளாக் கான்கிரீட்டிலேயே, அதே தரத்தில். உடைந்த ஜல்லி, பைப் துண்டு, டைல்ஸ் துண்டு எதுவும் கூடாது. கட்டுக்கம்பியின் முனையை உள்பக்கம் மடக்குங்கள். வெளியே நீட்டிய ஒரு முனை போதும், அந்த வழியாகவே துரு உள்ளே போகும்.

எர்ணாவூர்_சைட்:

மிக்க நன்றி. கால்வாய் மட்டத்தை மாற்றித் திரும்பக் கணக்குப் போடச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். கால்வாய்த் தண்ணீர் தெருவுக்கு ஏறாமல் வாயில் ஃபிளாப் கேட் (வெளியே மட்டும் திறக்கும் கீல் கதவு) வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா? மேல்பக்கம் குப்பைக் கம்பி எங்கே வைப்பது? பருவமழைக்குள் முடிக்க பிரீகாஸ்ட் (யார்டில் முன்கூட்டியே வார்த்த துண்டுகள்) எடுத்தால் என்ன?

நீர்மட்டம்:

ஃபிளாப் கேட் கால்வாய் +1.85-ஐத் தாண்டும் நாளுக்கு மட்டும் உதவும். அதற்குக் கீழே கால்வாய் எவ்வளவு ஏறினாலும் தெருவுக்கு வராது. ஆனால் கேட் மூடியிருக்கும்போது உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? உங்கள் வடிகாலில் 600 மீ. நீளம், 2 மீ. அகலம், ஒரு மீட்டர் ஆழம் காலியாக இருந்தாலும் கொள்ளளவு 1,200 கனமீட்டர். விநாடிக்கு 2.6 வந்தால் எட்டு நிமிஷத்துக்குள் நிரம்பிவிடும். அலை இறங்க ஆறு மணி நேரம் ஆகும். ஆகவே பம்ப் இல்லாத கேட் பாதி வேலைதான். இப்போதைக்கு வாய்ச் சுவரில் கேட் மாட்டும் போல்ட் இடத்தையும், பக்கத்தில் பம்ப் இறக்க ஒரு தொட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள், கேட்டைப் பிறகு வாங்கலாம். வாங்கும்போது வார்ப்பிரும்பு வேண்டாம், எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) அல்லது ரப்பர் வகை. கீல்தான் முதலில் துருப்பிடித்து நிற்கும். பாதி திறந்தபடி நின்றுபோன கேட், கேட்டே இல்லாததைவிட மோசம். போகும் தண்ணீரையும் மறிக்கும், வரும் தண்ணீரையும் விடும்.

குப்பைக் கம்பியைக் கல்வெர்ட் வாயில் ஒட்டி வைக்காதீர்கள். அடைத்தால் சாலை ஓரமே குளமாகும். மேல்பக்கம் நாலைந்து மீட்டர் தள்ளி, ஒரு ஜே.சி.பி. நின்று அள்ளும் இடத்தில், 45 முதல் 60 டிகிரி சாய்வாக வையுங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள திறப்பின் மொத்தப் பரப்பு கல்வெர்ட் வாயைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 1.8 ச.மீ. வாய்க்கு 5.4 ச.மீ. அதற்கு அந்த இடத்தில் வடிகாலைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டி வரும். மழை நாளில் அள்ள ஆள் போட முடியாத இடம் என்றால் கம்பியே வைக்காதீர்கள்.

தூர்வாரலுக்கு மேல் ஸ்லாப்பில் இரண்டு முனைப் பக்கமும் 900 × 900 திறப்பு, சாலைத் தடத்துக்கு வெளியே. ஜெட்டிங், உறிஞ்சு லாரிக் குழாய் அதன் வழியாக இறங்கட்டும். வீட்டுக் கழிவுநீர் கலக்கும் வடிகாலில் ஆளை உள்ளே இறக்கவே கூடாது. 1.2 மீ. உயரம் இருக்கிறதே என்று இறங்குவார்கள். அடி வண்டலைக் கிளறினதும் விஷவாயு எழும்பும், ஒரே மூச்சில் ஆள் விழுந்துவிடுவார்.

கம்பியும்_கலவையும்:

பிரீகாஸ்ட் தாராளமா எடுக்கலாம். பாதிச் சாலை சில ராத்திரியில முடியும், குழி திறந்து கிடக்கிற நேரம் குறையும், கான்கிரீட்டும் யார்டுல நல்லா வரும். பலவீனம் மூட்டுதான். களிமண்ணுல ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு இறங்கும், மூட்டு வாய் திறக்கும், அது வழியா பின்னிரப்பு மணல் உள்ளே ஒழுகும், மேல ரோட்டுல திடீர்னு குழி விழும். அதனால அடியில கம்பி போட்ட தொடர் ஸ்லாப் ஒண்ணு போட்டு அதுமேல உட்கார வையுங்க. மூட்டுல ரப்பர் பட்டை, வெளிப்பக்கம் மேலேயும் ரெண்டு பக்கமும் 30 செ.மீ. அகலத்துக்கு ஜியோடெக்ஸ்டைல் ஒட்டிட்டு மண் போடுங்க. ஆர்டர் குடுக்கும்போதே 75 மூடல், எம்40, 70ஆர்னு எழுத்துல குடுங்க. யார்டுல ரெடியா கிடக்கிற பாக்ஸ் தெரு வடிகாலுக்குன்னு சின்ன பாரத்துக்கு வார்த்ததா இருக்கும், அதைத் தூக்கிட்டு வந்து டிரெய்லர் ரோட்டுக்கு அடியில வெச்சுடக்கூடாது. தூக்குற கிரேனுக்கு மேல மின்கம்பி எவ்வளவு உயரத்துல போகுதுன்னும் முன்னாடியே பார்த்துடுங்க.

உப்புக்காற்று:

ஒரு சேர்க்கை. அத்தனை மட்டமும் ஒரே பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலைக்குறி) வந்ததா என்று சரிபாருங்கள். பாசிக்கோட்டை ஒருவர், கம்பி மூடியை இன்னொருவர், வேறு வேறு தற்காலிகக் குறியிலிருந்து எடுத்திருந்தால் 15 செ.மீ. வித்தியாசம் சுலபமாக நுழையும். உங்கள் கணக்கில் மிச்சமிருப்பதே அந்த 15 செ.மீ.தான். ஆட்டோ லெவல் எனும் மட்டமளக்கும் கருவியை வைத்துக் கால்வாய்த் தூண், வடிகால் தரை, கம்பி மூடி, நடுச்சாலை நான்கையும் ஒரே ஓட்டத்தில் எடுத்து, ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து மூடுங்கள். அந்தக் குறியைக் கல்வெர்ட்டின் தலைச் சுவரில் பித்தளைத் தகடாகப் பதித்துவிட்டால் அடுத்த முறை சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட வரும்போது, எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று அளந்து நிறுத்தலாம்.